படத்தில் இல்லாத வயர்

"இதப் போட்டவரு அவசரக்காரரு இல்லைங்க தம்பி" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். புல்லட்டின் பழைய வயரிங்கை மொத்தமாக வெளியே இழுத்துப் போட்டிருந்தேன். அதில் ஒரு பச்சை வயரை விரலால் நீவிப் பார்த்துவிட்டு இதைச் சொன்னார். காபி குடித்தார், போய்விட்டார். வெட்டு என்றும் சொல்லவில்லை, வெட்டாதே என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

அந்தப் பச்சை வயர் வயரிங் படத்தில் இல்லை. ஹெட்லைட் டூமுக்குள் ஒரு ஸ்க்ரூவில் தொடங்கி, டேங்குக்கு அடியில் ஓடி, இன்ஜினைத் தாங்கும் போல்ட் ஒன்றில் போய் முடிந்தது. நடுவில் ஒரு ஜாயிண்ட். வழியில் வண்டி நின்றுபோனால் போடுகிற ஜாயிண்ட் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: முனைகளைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். இது அப்படியில்லை. இரண்டு முனைகளின் செம்பு இழைகளையும் விரித்து, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. அதன்மேல் துணி டேப். டேப்பின்மேல் மெழுகு நூல், சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல். நூலின் நுனியை அந்தச் சுற்றுகளுக்கு அடியிலேயே இழுத்துவிட்டிருந்ததால் முடிச்சு கண்ணில் படவில்லை. டேங்கை மாட்டிவிட்டால் இதை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்காத இடத்தில் இத்தனை பொறுமை எதற்கு?

புது வயரிங் செட் வாங்கித் தயாராக வைத்திருந்தேன். மெட்ராஸில் 1955இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் அடிப்படை அதிகம் மாறாமல் வந்த வண்டி என்பதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. எதை வேண்டுமானாலும் புதிதாக மாற்றிவிடலாம். அதனால்தான் எதை மாற்றக்கூடாது என்ற கேள்வி நம் தலையிலேயே வந்து விடிகிறது.

கார்புரேட்டரில் எனக்கு இந்தத் தயக்கம் வரவில்லை. வண்டி நீலகிரிப் பதிவெண் கொண்டது. ஸ்லைடைக் கழற்றிப் பார்த்தபோது, நீடிலின் ஐந்து பள்ளங்களில் ஆக மேலே உள்ளதில் கிளிப் மாட்டியிருந்தது. கிளிப் மேலே ஏறினால் நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் வரத்து குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே குறைவு, அதற்கேற்ப பெட்ரோலையும் குறைக்காவிட்டால் வண்டி கரும்புகை விடும். ஆகவே மலையில் அது சரி. கோவையின் உயரம் வெறும் 411 மீட்டர். இங்கே அதே அமைப்பில் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. பிளக்கின் முனை வெளுத்துக் கிடந்தது, ஆக்சிலேட்டரைத் திருகினால் திணறிவிட்டுத்தான் வேகம் எடுத்தது. கிளிப்பை நடுப்பள்ளத்தில் மாட்டி, பைலட் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்ததும் பிளக் பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. ஏன் அப்படி வைத்தார்கள் என்பது தெரியும். அந்தக் காரணம் மலையோடு நின்றுவிட்டது. மாற்றியாயிற்று, மனசில் ஒன்றுமில்லை.

பச்சை வயரின் காரணமும் பிறகு தெரிந்தது. இந்த மாதிரி வண்டிகளில் பேட்டரியின் ஒரு முனை சேசிஸில்தான் இணைந்திருக்கும். விளக்குக்குப் போகும் மின்சாரம் வயர் வழியாகப் போய், இரும்பு வழியாகத் திரும்பும். ஹெட்லைட் இருப்பதோ ஃபோர்க்கின் தலையில். ஃபோர்க்குக்கும் சேசிஸுக்கும் நடுவே இருப்பது கோன்செட்டின் குண்டுகளும் அதில் அப்பிய கிரீஸும். அங்கே துரு ஏறினால் எர்த் சரியாகப் பிடிக்காது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வெளிச்சம் மங்கும். நீலகிரி ஈரத்தில் துரு ஏறுவதற்குக் கேட்கவா வேண்டும்? மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளிச்சம் எங்கே கட்டாயம் வேண்டுமோ, சரியாக அந்த வளைவில் விளக்கு மங்குகிறது. யாரோ ஒருவர் பனிமூட்டத்தில் அதை அனுபவித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து, எர்த்துக்கென்று தனியாக ஒரு வழி போட்டிருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் அந்த நூல் சுற்றைப் பார்க்கும்போது வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

நான் கோன்செட்டைப் புதிதாகப் போட்டுவிட்டேன். பச்சை வயரைக் கழற்றிவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சம் அசையவில்லை. அதற்கு இப்போது வேலை இல்லை.

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் எழுதியது ஒன்று உண்டு, 1929இல் வந்த நூலில். சாலையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது, எதற்கென்று தெரியவில்லை. தெரியாததால் பிடுங்கலாம் என்கிறான் ஒருவன். எதற்கென்று தெரிந்துகொண்டு வா, பிறகு பிடுங்க விடலாம் என்கிறான் இன்னொருவன். படித்து ரொம்ப நாளாயிற்று, எனக்கு நினைவிருப்பது இந்த அளவுதான். நியாயமான பேச்சு. ஆனால் என் சங்கடம் அவர் முடித்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. தெரிந்துகொண்டுவிட்டேன், பிடுங்கலாம். கை போகவில்லை.

எங்கள் பழைய வீட்டில் அப்பத்தா, கோடைக்காலச் சாயங்காலங்களில் மீட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு மூலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். சிந்தாமல், நிதானமாக. அங்கே ஏதோ சாமி இருக்கிறது என்று நாங்கள் குழந்தைகள் நம்பினோம், அந்த இடத்தை மிதிக்கமாட்டோம். பெரியவனான பிறகுதான் தெரிந்தது, அது எர்த் குழி. கரண்ட் வந்த புதிதில், மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வயர்மேன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிற்பாடு வீட்டுக்குப் புது வயரிங் செய்து, எர்த் குழியையும் வேறு பக்கம் மாற்றினார்கள். அப்பத்தா போன பிறகு அம்மா அதே பழைய மூலையில் தண்ணீர் ஊற்றினார். அங்கே ஒரு செம்பருத்தி வளர்ந்திருந்தது. காரணம் தீர்ந்துபோன இடத்தில் வேறொரு காரணம் முளைத்துக்கொண்டது என்று இதை நல்லவிதமாக முடித்துவிடலாம்தான்.

முடியவில்லை. அதே வீட்டின் மாட்டுக்கொட்டகை எறவாணத்தில் இரண்டு அலுமினிய டம்ளர்கள் கவிழ்ந்திருக்கும், காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கென்று. அதே அப்பத்தா அவற்றையும் பளபளவென்று இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வார். நேர்த்தியில் ஒரு குறையும் கிடையாது. அந்த நேர்த்தியே அந்தக் கொடுமையை ஒரு ஒழுங்கு போலக் காட்டியது. அம்மா வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டதும் முதலில் அந்த டம்ளர்களை எடுத்துப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டார். யாரையும் கேட்கவில்லை. தண்ணீரை விடவில்லை, டம்ளரை விட்டார். எப்படிப் பிரித்தீர்கள் என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "அதெல்லாம் தெரியாதா கண்ணு" என்றார்.

பச்சை வயரை மறுபடி மாட்டிவிட்டேன். கிரீஸ் என்றைக்காவது காயும், துரு திரும்ப வரும், அப்போது இது உதவும். கேட்பவர்களுக்குச் சொல்ல இந்தக் காரணம் போதும். ஆனால் அந்த ஜாயிண்ட் அலங்கோலமாக இருந்திருந்தால், அதே காரணம் இருந்தும் வெட்டிப் போட்டிருப்பேன் என்றுதான் படுகிறது. அப்படியானால் நான் மதித்தது அந்த மனிதரின் அக்கறையையா, வெறும் கைநேர்த்தியையா? இரண்டும் ஒன்றுதான் என்கிறது அந்த நூல் சுற்று. இல்லை என்கின்றன அந்த டம்ளர்கள். அம்மாவுக்குக் கேட்காமலே தெரிந்தது எனக்கு இன்னும் தெரியவில்லை.