யாருடைய எண்ணெய்?

யேமனின் மஅரிப் பகுதியிலிருந்து வந்த அப்யள் இப்னு ஹம்மால், தம் ஊரின் உப்புப் படுகையைத் தமக்கே தரும்படி நபிகள் நாயகத்திடம் கேட்டார். நாயகமும் கொடுத்தார். அவர் எழுந்து போனதும் சபையில் ஒருவர், அது வற்றாத நீரூற்றைப் போன்றது என்று எடுத்துச் சொன்னார். கொடுத்த மானியம் உடனே திரும்பப் பெறப்பட்டது.

ஹதீஸ் தொகுப்புகளில் உள்ள இந்தச் சம்பவத்தைச் சட்ட அறிஞர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ராவில் பிறந்து 1058-இல் மறைந்த மாவர்தி, உப்போடு கீலையும் நிலத்தில் கசியும் எண்ணெயையும் சேர்த்தே பேசுகிறார்: அவை தண்ணீரைப் போன்றவை, அவற்றை ஆட்சியாளர் யாருக்கும் தனியே எழுதிக் கொடுக்க முடியாது.

அரபு நாடுகளின் பொருளாதாரத் தேக்கத்துக்கு மதமே காரணம் என்போர் மாவர்தியைப் படிக்க வேண்டும். எண்ணெய் விஷயத்தில் மார்க்கம் வழிமறிக்கவில்லை. அதன் பேச்சைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஈராக்கின் 2005-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், 111-ஆவது பிரிவில், எண்ணெயும் எரிவாயுவும் ஈராக் மக்கள் அனைவருக்கும் சொந்தம் என்கிறது. நாட்டின் எண்ணெயில் பெரும்பகுதி மாவர்தியின் பஸ்ராவிலிருந்துதான் கிடைக்கிறது. 2018 கோடையில் அங்கே ஷத்துல் அரப் ஆற்றில் கடல் உப்பு ஏறியது, சாக்கடையும் கலந்தது. அந்தத் தண்ணீரால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். வேலை கேட்டு இளைஞர்கள் எண்ணெய் வயல்களின் வாசலில் மறியல் செய்தார்கள். எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயு இரவும் பகலும் வீணாக எரிந்தது. மின்சாரத்துக்கு ஈரானிடமிருந்து எரிவாயு வாங்கிக்கொண்டிருந்தது அதே ஈராக்.

பொதுச் சொத்து என்று அறிவித்துவிட்டால் போதுமா? ஈராக்கின் நஜஃப் நகர அறிஞர் முகம்மது பாகிர் அஸ்-ஸத்ர் 1961-இல் எழுதிய 'இக்திசாதுனா' என்ற நூலில், இயற்கை வளத்தைச் சமூகத்தின் சார்பில் அரசு காக்க வேண்டும் என்று வாதிட்டார். அரசைக் கண்காணிப்பது யார் என்பதுதான் அதைவிடக் கடினமான கேள்வி. அவரையே 1980-இல் சதாம் அரசு கொன்றது. வரி கட்டுகிற குடிமகன் கணக்குக் கேட்பான். வருவாயில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்தே வரும் நாட்டில் அரசு படியளக்கிறது, குடிமகன் கை ஏந்துகிறான். அமானிதம் என்று மார்க்கம் சொல்லும் பொறுப்பு, கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் வெறும் அதிகாரமாகிவிடுகிறது.

குவைத் இன்னும் பிறக்காத தலைமுறைக்காக 1976-இல் ஒரு நிதியம் தொடங்கியது. மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அதன் கணக்கைப் பொதுவெளியில் வெளியிட 1982-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. சொத்தில் பங்குள்ளவர்களிடமே கணக்கை மறைப்பதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம் என்று குவைத்தின் அறிஞர்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.