உறை மாறும்போது

அப்பா தேவாரம் பாடும் காணொளி ஏவிசிஎச்டி கேமராவில் பதிவானது. ஒலி, ஏசி-3 என்ற குறியாக்கத்தில். எம்கேவி என்ற கோப்பு உறைக்கு மாற்றும்போது, நகலெடு என்று கட்டளையிட்டால் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் ஒலித்தரவில் ஒரு பிட்டையும் தொடாது. பழைய உடை களைந்து புதியது அணியும் ஆன்மா என்று கீதை சொல்வதை இந்த இடத்தில் முழுமனதாக ஏற்கிறேன்.

வெப்எம் உறை அப்படியல்ல. ஒலிக்கு வோர்பிஸ், ஓபஸ் என்ற இரு குறியாக்கங்களையே அது அனுமதிக்கும். ஏசி-3யைப் பிரித்து ஓபஸாக மறுபடி குறியாக்க வேண்டும். காதுக்கு எட்டாது என்று மென்பொருள் கணித்தவை கழிந்துபோகும், திரும்பா. ஏசி-3 முன்பே ஒருமுறை கழித்தது வேறு.

மிஞ்சுவது அதே குரலா? மறுபடி பிறப்பவன் அவனேயா என்று மன்னன் மிலிந்தன் கேட்க, அவனுமல்ல, வேறொருவனுமல்ல என்றார் பௌத்தத் துறவி நாகசேனர். எனக்கு அது போதவில்லை. அப்பா மூச்செடுக்கும் இடமும் எனக்கு வேண்டும். மூலக் கோப்பை அழிக்க மாட்டேன்.