வெள்ளரிக்காய்க்கு எதற்கு வேலைப்பாடு?

ஒரு வெள்ளரிக்காய், ஒரு கேரட், நாலைந்து உருண்டைச் சிவப்பு முள்ளங்கி, ஒரு தக்காளி, அரை மூடி எலுமிச்சம்பழம், உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். சாலட்டின் மிக எளிய வடிவம் இதுதான். கழுவி, வட்டவட்டமாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

இதே காய்களோடு இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. வெள்ளரியின் தோலில் முள்கரண்டியால் நீளவாக்கில் கோடு இழுத்துவிட்டு நறுக்குவார்கள். ஒவ்வொரு வில்லையும் ஓரத்தில் பல் பல்லாக வரும். கேரட்டின் நீளத்துக்கு ஐந்து பள்ளம் வெட்டி எடுத்துவிட்டுக் குறுக்கே நறுக்கினால் ஐந்திதழ்ப் பூ. தக்காளித் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவிச் சுருட்டினால் ரோஜா. முள்ளங்கியின் அடியைத் தொடாமல் சுற்றிலும் இதழ் இதழாகக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால், அது தானாகவே மெல்ல விரியும். உள்சதையின் செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன, தோல் அந்த அளவுக்கு நீள்வதில்லை, அதனால் இதழ் வெளிப்பக்கமாக வளைகிறது. பாதி வேலை கத்தியுடையது, மீதி தண்ணீருடையது.

தட்டு சாப்பாட்டு மேஜைக்கு வருகிறது. "அட, அழகா இருக்கே" என்பார் ஒருவர். இன்னொருவர் போனை எடுப்பார். மூன்றாமவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். "எப்படியும் மென்னு முழுங்கத்தானே போறோம், இதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்?"

அந்த மூன்றாவது குரலைக் கிண்டல் என்று ஒதுக்கிவிட முடியாது. அது முறையான ஒரு தத்துவக் கேள்வி. சற்று நேரத்தில் அழியப்போகிற ஒன்றை, அழகில்லாமலே அதே ருசியையும் சத்தையும் தரக்கூடிய ஒன்றை, அழகாக்குவதற்கு உழைப்பது சரியா? அந்த உழைப்பு யாருடையது? வாசலில் போடுகிற கோலத்திடம் நாம் இதைக் கேட்பதில்லை, பழகிவிட்டது. தட்டில் இருக்கும் கேரட் பூ இன்னும் பழகவில்லை. அதனால் கேள்வி இங்கே கூர்மையாக இருக்கிறது.

இதை மிகக் கடுமையாகக் கேட்டவர் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ். 1910இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே "அலங்காரமும் குற்றமும்". வெறும் ரசனைக் கோபம் என்று அதைப் படிப்பது தவறு, அதற்குள் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. அலங்காரம் வீணான உழைப்பு, வீணான உழைப்பு என்றால் வீணான உடல்நலம். அலங்காரம் செய்பவன் நாள் முழுக்கக் குனிந்து உழைத்தும், வழுவழுப்பான பொருளைச் செய்பவனைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறான் என்பது அவருடைய வாதம். சாப்பாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. மயிலையும் சிங்கி இறாலையும் ஜோடித்து வைத்த பழங்கால விருந்துத் தட்டுகள் தனக்குப் பசியைக் கெடுக்கின்றன என்றார். தான் சாப்பிடுவது வெறும் சுட்ட மாட்டிறைச்சி என்றும் சொன்னார். பப்புவா மக்களின் பச்சைகுத்தலைக் காட்டி, நாகரிகத்தில் மேல்படி கீழ்ப்படி என்று அவர் போட்ட ஏணியை இன்று யாரும் ஏற்கமாட்டோம். ஆனால் ஏணியை எடுத்துவிட்டாலும் உழைப்பைப் பற்றிய வாதம் அப்படியே நிற்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு ரோலான் பார்த் வைத்தது. 1957இல் வந்த அவருடைய "மித்தாலஜீஸ்" நூலில் அலங்காரச் சமையல் பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. எல் என்ற பெண்கள் பத்திரிகை வாராவாரம் போட்ட வண்ண உணவுப் படங்களைப் பற்றியது. மேலே பளபளவென்று பூச்சு, செதுக்கிய எலுமிச்சை, ஜோடித்த செர்ரி. பார்த்தின் கவனம் அந்த அலங்காரம் எதை மறைக்கிறது என்பதில் இருந்தது. அந்தப் பத்திரிகையைப் படித்தவர்களில் பெரும்பாலானோர் வசதி குறைந்தவர்கள். கௌதாரியின் மேல் செர்ரியை எப்படிக் குத்துவது என்று பத்திரிகை சொல்லிக்கொடுக்கிறது. அவர்களுடைய உண்மையான பிரச்சினையோ கௌதாரியை எந்தக் காசில் வாங்குவது என்பது. வசதியுள்ளவர்கள் படிக்கும் பத்திரிகை நிஜமான சமையல் குறிப்பைப் போடுகிறது, வசதியில்லாதவர்களுக்கு வெறும் காட்சி கிடைக்கிறது.

இந்த இரண்டு பேரையும் நம் சாலட் தட்டின் முன்னால் உட்காரவைத்துப் பார்க்கலாம்.

பார்த்துக்குப் பதில் சொல்வது சுலபம். வெள்ளரியிலும் முள்ளங்கியிலும் மறைப்பதற்கு எந்த விலையும் இல்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காய்கள் இவை. இந்த அலங்காரத்துக்கு ஒரு பைசா கூடுதல் செலவு கிடையாது. செதுக்கி எடுத்த துண்டுகள்கூடச் சாம்பாருக்குப் போய்விடும். கூட்டப்படுவது நேரம் மட்டும்தான். காசில்லாதவராலும் கொடுக்க முடிகிற ஆடம்பரம் இது. அதே கத்தி கல்யாண ரிசப்ஷனுக்குப் போகும்போது கதை மாறுகிறது. மணமக்கள் பெயர் செதுக்கிய தர்பூசணியும் பீட்ரூட் ரோஜாவும் சாலட் மேஜையின் நடுவில் நிற்கும். அதை யாரும் சாப்பிடுவதில்லை, சாப்பிடுவதற்காக வைப்பதும் இல்லை. அது பேசுவது வசதியைப் பற்றி. மறுநாள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் அதுதான். வெட்டு ஒன்றேதான், ஆனால் வீட்டுத் தட்டில் இருந்தது வாய்க்குள் போய் முடிந்தது.

லோஸுக்குப் பதில் சொல்ல மெரினாவுக்குப் போக வேண்டும். அங்கே தள்ளுவண்டிக்காரர் வெள்ளரிப் பிஞ்சை எப்படி வெட்டுகிறார் என்று கவனித்திருப்பீர்கள். தோலைச் சீவி, அடியை விட்டுவிட்டு நீளவாக்கில் நாலாகப் பிளப்பார். காய் பூ மாதிரி விரிந்து நிற்கும். உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுப்பார். மாங்காயும் அப்படித்தான், கீற்று கீற்றாகக் கீறி விரித்து, இடுக்கில் காரம் தூவித் தருவார். "அழகாக வெட்டுங்க" என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. காரம் எல்லா இடத்திலும் படவேண்டும், காய் கையில் உதிராமல் நிற்கவேண்டும், ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தபடியே கடிக்கவேண்டும். இந்த மூன்று தேவைக்கும் ஒரே விடை அந்தப் பூ வடிவம்.

ஜப்பானியச் சமையலில் இதற்கு ஒரு துறையே இருக்கிறது. கசாரிகிரி, அதாவது அலங்கார வெட்டு. அதில் ஜபாரா என்று ஒரு வெள்ளரி வெட்டு உண்டு. ஒரு பக்கம் சாய்வாகப் பாதி ஆழத்துக்கு நெருக்கமாகக் கீறி, திருப்பிப்போட்டு மறுபக்கமும் அதேபோல் கீறுவார்கள். காய் துண்டாகாமல் ஸ்பிரிங் போல நீளும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும், வினிகர் உள்ளே வரைக்கும் இறங்குவதற்கும் அதுவே வழி. இன்னொன்றின் பெயர் ககுஷிபோச்சோ, மறைந்த கத்தி. தடிமனான முள்ளங்கித் துண்டின் அடிப்பக்கத்தில், தட்டில் வைத்தால் தெரியாத இடத்தில், குறுக்கே கீறிவிடுவார்கள். சீக்கிரம் வேகும், கடிக்கும்போது பல்லுக்கு இலகுவாக இருக்கும். சாப்பிடுபவர் அந்தக் கீறலைப் பார்க்கவே மாட்டார்.

இப்படிப் பார்த்தால் லோஸின் குற்றப்பட்டியலிலிருந்து பாதி வெட்டுகள் விடுதலையாகிவிடும். முள்கரண்டி இழுத்த வெள்ளரியில் தடித்த தோல் குறைகிறது, பள்ளத்தில் எலுமிச்சையும் உப்பும் தங்குகின்றன. ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் காப்பாற்றிவிட முடியாது. கேரட்டைப் பூவாக வெட்டுவதால் ருசி கூடுவதில்லை. தக்காளி ரோஜாவால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. நேர்மையாகச் சொன்னால் அது உபரி. அந்த உபரிக்கு என்ன நியாயம்?

இங்கே ஆனந்த குமாரசாமி ஒரு சொல்லைத் தருகிறார். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். 1939இல் அலங்காரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை சொற்களின் வேரைத் தோண்டிப் பார்க்கிறது. அலங்காரம் என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருக்கும் "அலம்" என்பதற்குப் போதும், போதுமானது என்று பொருள். அப்படியென்றால் அலங்கரிப்பது என்பது போதுமானதாக்குவது. ஒரு பொருள் தன் வேலையைச் செய்ய எது தேவையோ அதைக் கொடுத்து முழுமையாக்குவதுதான் ஆதியில் அலங்காரம். மிகையாக மேலே ஒட்டுவது என்ற பொருள் பின்னால் வந்தது என்பது அவர் வாதம்.

இந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டால் அந்த மூன்றாவது குரலிடம் நாம் திருப்பிக் கேட்கலாம். வெறுமனே நறுக்கிய சாலட்டில் எது போதவில்லை? வயிற்றுக்கு எல்லாம் போதும். ஆனால் உணவு வயிற்றுக்கு மட்டும் போடப்படுவதில்லை. காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்தவருக்கு, வேலை போய் ஒரு வாரமாக யாரிடமும் பேசாத நண்பனுக்கு, காய் என்றாலே முகத்தைத் திருப்பும் குழந்தைக்கு வைக்கிற தட்டு, "உன்னை நினைச்சுக்கிட்டே செஞ்சேன்" என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. வாயால் சொன்னால் இருவருக்கும் கூச்சமாகிவிடும். கேரட் பூ கூச்சமில்லாமல் சொல்லிவிடும். அந்தத் தட்டை அதன் வேலைக்குப் போதுமானதாக்குவது அந்தப் பூதான்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும். ஆனால் அன்பின் மொழி என்று ஒன்றை அறிவித்த அடுத்த நாளே அதற்கு மதிப்பெண் போடுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். அமெரிக்க மானுடவியலாளர் ஆன் ஆலிசன் 1991இல் எழுதிய கட்டுரை ஜப்பானிய நர்சரிப் பள்ளிகளின் மதிய உணவு டப்பாவைப் பற்றியது. அவருடைய குழந்தையும் அங்கே ஒரு பள்ளியில் படித்தது. சின்னச் சின்ன உணவுகள், வடிவம் வெட்டிய காய்கள், நிறப்பொருத்தம். குழந்தை அதை மிச்சம் வைக்காமல் முடிக்கவேண்டும். முடிக்கிறதா என்று ஆசிரியர் பார்ப்பார். டப்பாவை வைத்து அம்மாவும் எடைபோடப்படுகிறாள். பள்ளியின் ஒழுங்கு அம்மாவின் சமையலறைக்குள் புகுந்து, அவளுடைய கத்தி வழியாகக் குழந்தையிடம் போய்ச்சேர்கிறது என்று ஆலிசன் காட்டுகிறார். நமக்கு ஜப்பான் வரை போகவேண்டியதில்லை. இன்ஸ்டாகிராமில் லஞ்ச் பாக்ஸ் ரீல்களைப் பார்த்துவிட்டு, "அந்த அக்கா எவ்வளவு அழகா கட்டிக் குடுக்குறாங்க பாரு" என்று ஒரு வீட்டில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அன்றைக்கே அது வேலையாகிவிட்டது. அதுவும் யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும்.

லோஸ் பயந்தது இதைத்தான் என்று தோன்றுகிறது. அதே உரையில் அவர் தன் செருப்புத் தைப்பவரைப் பற்றியும் பேசுகிறார். செருப்புக்கு 30 குரோன் என்றால் நான் 40 தருகிறேன் என்று சொன்னால் அவர் ஏழாவது வானத்துக்குப் போய்விடுவார். ஆனால் "ஒரு நிபந்தனை, வேலைப்பாடு எதுவும் இருக்கக்கூடாது, வழுவழுப்பாக வேண்டும்" என்று சேர்த்துச் சொன்னால் அவர் தரைக்கு விழுந்துவிடுவார். வேலை குறைந்தது, கூலி கூடியது, ஆனாலும் அவருடைய சந்தோஷம் முழுவதையும் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். அதனால் அந்தச் செருப்பின் வேலைப்பாட்டை லோஸ் சகித்துக்கொள்கிறார். அலங்காரத்தைக் குற்றம் என்றவரே ஒத்துக்கொள்கிறார், செய்பவரின் கை தானாக விரும்பிச் செய்தால் கணக்கு வேறு என்று.

ஆகவே கேரட் பூ சரியா தவறா என்பதை கேரட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தட்டைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கினாலும் தெரியாது. வெட்டுகிறவரால் இரண்டு வாக்கியங்களைச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கவேண்டும். "எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டால் "சும்மா தோணுச்சு" என்று சொல்ல முடியவேண்டும். அடுத்த நாள் வெறும் வட்டமாக நறுக்கி வைத்துவிட்டு "இன்னைக்கு முடியல" என்றும் சொல்ல முடியவேண்டும். அதைக் கேட்டு எதிரில் இருப்பவர்கள் முகம் சுருங்காமல் சாப்பிடவேண்டும். மதிய டப்பா கட்டும் அம்மாவால் முதல் வாக்கியத்தையும் சொல்ல முடியாது, இரண்டாவதையும் சொல்ல முடியாது. ரிசப்ஷனில் விடிய விடியத் தர்பூசணி செதுக்குகிறவருக்கு அது தொழில். அவருக்குக் கூலி நியாயமாக வந்ததா, வேலையில் பெயர் கிடைத்ததா என்று தனியாகக் கேட்கவேண்டும், "அன்பு" என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடக்கூடாது.

இல்லாத நாளில் குறையாகத் தெரியாத வரைக்கும்தான் அது பரிசு. "எங்கே பூ காணோம்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் அது கடமை. பரிசு பெறுகிறவர்கள் கற்றுக்கொள்ளவேண்டிய நாகரிகம் ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான்.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். முள்ளங்கிக்குத் தண்ணீரில் அரைமணி நேரமாவது வேண்டும், அவசரப்படுத்தினால் விரியாது. உப்பைக் கடைசியில் போடுங்கள். உப்பு பட்டதும் காய் தண்ணீரை விட ஆரம்பிக்கும், தண்ணீர் கொடுத்து விரித்த இதழ்களை உப்பு திரும்ப வாங்கிக்கொள்ளும். அதனால் எலுமிச்சை பிழிந்து உப்புத் தூவியதும் தாமதிக்காமல் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். போட்டோ எடுக்க நினைத்தால் அதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.