கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தவள்



இன்றைய நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் துன்புற்ற பெண்ணின் பெயரை மாற்கு சொல்லவில்லை, ஊரையும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறார். மருத்துவர் பலரிடம் போனாள், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தாள், நோயோ முற்றிக்கொண்டே போனது. இதை வாசிக்கும்போதெல்லாம் நம் மனம் அவள் ஆண்டவரின் ஆடையைத் தொடும் இடத்துக்குத் தாவிவிடுகிறது. இன்று அந்தக் கணக்கின் முன்னால் சற்று நிற்போம். நம் பங்கில் புற்றுநோய் வந்த வீடுகளில் நடப்பதும் அதுதான்.

“முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதே சாமி, பிறகென்ன செலவு?” என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்ல திட்டம்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் அந்த அட்டை கைகொடுக்கும். ஆனால் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் சென்னையில் தங்க வேண்டும் என்றால், அந்த அறை வாடகையை யார் தருவார்? துணைக்குப் போன கணவர் இழக்கும் கூலியை யார் தருவார்? கீமோ முடிந்து வந்தவருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, இளநீர்தான் இறங்குகிறது. இளநீர் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதலில் கம்மல் அடகுக்குப் போகிறது, அப்புறம் சங்கிலி, அப்புறம் கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். நோய் குணமாகி மூன்று வருடம் ஆகியும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

அந்தப் பெண் கூட்டத்துக்குள் மறைந்து பின்னால்தான் வந்தாள். அன்றைய சட்டம் அவளைத் தீட்டு என்றது. இன்று நம் வீடுகளில் ஏன் மறைக்கிறார்கள்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரியக் கூடாது என்று. தெரிந்தால் டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள் என்று. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல. இதைப் பீடத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு வருத்தம். முடியெல்லாம் கொட்டிப்போன ஓர் அம்மா, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நற்கருணை வாங்கியதும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார். யாரென்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

இயேசு என்ன செய்தார்? சாகக்கிடக்கும் மகளுக்காகத் தொழுகைக்கூடத் தலைவர் யாயிர் அவசரப்படுகிறார். அந்த அவசரத்திலும் இயேசு நின்றுவிட்டார். ஆடையைத் தொட்ட பெண் நடந்தது முழுவதையும் சொன்னாள்; அவர் கேட்டார். நாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நோயாளியைப் பார்க்கப் போய் என்ன பேசுகிறோம்? “முள்சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடிங்க, ஆஸ்பத்திரியே வேண்டாம்.” “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டாரு.” “யார் செஞ்ச பாவமோ.” யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள்தான்; வாயைத் திறந்த பிறகுதான் வந்தது வினை.

ஒரு ஞாயிறு இரண்டாம் காணிக்கை எடுத்துக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். நல்ல சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்ததோடு நிற்கவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சாவடிக்காரரிடம் பொறுப்பேற்றுக்கொண்டார். சிகிச்சை மாதக்கணக்கில் நடக்கும். உதவியும் மாதக்கணக்கில் வேண்டும். 1833-இல் பாரிஸில் இருபது வயது ஓசனாமும் அவருடைய தோழர்களும் தொடங்கியதுதான் நம் வின்சென்ட் தே பவுல் சபை. ஏழையின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அன்றைக்கே அவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். பணம் மட்டுமல்ல, விவரமும் உதவிதான். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் சாதாரண ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் கிடையாது, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால் போதும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிப் போய்வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் காப்பீட்டு அட்டைக்குக் கலெக்டர் அலுவலகத்துக்கும் கூட அலைய ஓர் இளைஞர் கிடைத்தாலே அந்த வீட்டுக்குப் பாதி பாரம் இறங்கும்.

பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையார் கொடிமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டோ வைத்திருப்பவர்கள், சென்னையில் பிள்ளைகள் வீட்டில் ஓர் அறை ஒதுக்கித் தர முடிந்தவர்கள், மாதம் நூறு ரூபாய் விடாமல் தர முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு போட முடியும் என்றால் அதையும் எழுதுங்கள். உதவி வேண்டுகிறவர்கள் மேசைக்கு வர வேண்டாம். என்னிடமோ கன்னியர் மடத்துச் சகோதரிகளிடமோ தனியாகச் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.