அடுத்த மாடல் வரட்டும்

"அடுத்த மாடல் வரட்டும், சாமி, இப்போது வாங்கினால் பணம் வீண்." கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த பங்குகளில், ஆலயத்து ஒலிபெருக்கியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பேரவையில் இந்த வாதம் வைக்கப்படுகிறது. சொல்வோர் இயந்திரங்களோடு பழகிய தொழிலாளர்கள், விவரம் தெரிந்தவர்கள். ஆகவே அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

வரலாறும் ஓரளவு அவர்கள் பக்கமே நிற்கிறது. 1992-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனமும் மட்சுஷிட்டாவும் டிஜிட்டல் காம்பாக்ட் கேசட்டை வெளியிட்டன. வீட்டிலிருந்த பழைய கேசட்டுகளும் அந்தப் புதிய கருவியில் பாடும் என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் 1996-இலேயே அது கைவிடப்பட்டது. அதே 1992-இல் சோனி தந்த மினிடிஸ்க் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. அதன் கருவிகளின் விற்பனையையும் சோனி 2013-இல் நிறுத்தியது. அவசரப்பட்டு வாங்கியவர் கையில் ஊமைப் பெட்டியே மிஞ்சியது. பொறுத்திருந்தவரை எவர் குறைகூற இயலும்?

எனினும் பொறுமைக்கும் ஒத்திவைத்தலுக்கும் உள்ள வேற்றுமையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். எதிர்நோக்கின் இலக்கு நன்மையானதாக, வருங்காலத்ததாக, அடைதற்கு அரியதாக, ஆயினும் அடையக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று புனித தோமா அக்குவினார் வரையறுக்கிறார். புதிய மாடலை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். அது நல்லதுதான், வரப்போவதுதான், கிடைக்கக்கூடியதுதான். ஆனால் அதில் அரிய முயற்சி எங்கே இருக்கிறது? பணம் சேர்ந்தால் போதும். அதற்காகக் காத்திருப்பவரிடம் அது எந்த உழைப்பையும் மனமாற்றத்தையும் கேட்பதில்லை. இதற்கு ஆசை என்று பெயரிடலாம். ஆசை பாவமும் அன்று. எதிர்நோக்கு என்ற பெரிய பெயர்தான் அதற்குப் பொருந்தாது.

இதனினும் கனமான கேள்வி ஒன்று உண்டு: காத்திருக்க முடிவு செய்பவர் யார், அதன் விலையைச் செலுத்துபவர் யார்? ஒருவர் தம் வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்க ஐந்தாண்டு பொறுக்கலாம், இழப்பு அவருடையது. ஆலயத்தில் நிலைமை வேறு. முடிவெடுப்போர் நன்றாகக் கேட்கும் செவியுடையோர். கடைசி இருக்கையில் அமரும் மூதாட்டிக்கோ முதல் வாசகமும் மறையுரையும் வெறும் இரைச்சல். அவருக்கு வயது எழுபத்தைந்து என்றால் இரண்டு ஆண்டு என்பது சிறிய காலமா? (இரும்பாலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கும் வடமாநில இளைஞரும் ‘நிரந்தரம் அடுத்த ஆண்டு’ என்ற சொல்லைக் கேட்டுப் பழகியவர்கள். அங்கும் நாள் குறிப்பவர் ஒருவர், காத்திருப்பவர் வேறொருவர்.)

இனி, அந்த மூதாட்டிக்கு ஏன் கேட்கவில்லை என்பதைப் பார்ப்போம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பீடத்தருகே ஓர் ஒலிபெருக்கியும் 34 மீட்டர் பின்னால் மற்றொன்றும் ஒரே நேரத்தில் முழங்கினால், பின்னால் இருப்பவருக்கு அருகிலுள்ளது முதலில் கேட்கும். முன்னாலுள்ளது நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்து அதன்மேல் விழும். உயர்ந்த கான்கிரீட் கூரையும் வெறுஞ்சுவர்களும் எதிரொலியை மேலும் நீட்டுகின்றன. இந்நிலையில் ஆம்ப்ளிஃபையரின் வலிமையைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்தே கூடும். பின்னுள்ள பெட்டிக்குச் செல்லும் ஒலியை வேண்டிய அளவு தாமதப்படுத்தும் கருவி பல ஆண்டுகளாகவே விற்பனையில் உள்ளது. அதுவும் இயலாதெனில், நெட்டையான தூண்வடிவ ஒலிபெருக்கிகள் சிலவற்றை மக்களுக்கு அருகில், தலைமட்டத்துக்குச் சற்றே மேலே, குறைந்த ஒலியில் வைக்கலாம். வாசிப்பவர் மைக்கை வாயருகே வைத்து நிதானமாக வாசிக்கலாம். இதற்குச் செலவே இல்லை. செவித்துணைக் கருவி அணிந்தோருக்காக ஆலயத்தைச் சுற்றிக் கம்பிவளையம் அமைக்கும் முறையும் பழையதே. காதிலுள்ள கருவியில் அதற்குரிய சுருள் இருந்தால் மைக்கின் ஒலி நேரே செவிக்குள் வந்துசேரும்.

இவற்றுள் எதற்கும் எந்த நிறுவனத்தின் அறிவிப்பும் தேவையில்லை. மாடலைப் பற்றிய விவாதத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, பேரவையினர் வரும் ஞாயிறு திருப்பலியில் கடைசி இருக்கையில் அமர்ந்து இரண்டாம் வாசகத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.