மணி காட்டவா, மதிப்புக் காட்டவா?

திருமண மண்டபம். மாலை மாற்றியாகிவிட்டது, வாழ்த்துரை முடிந்துவிட்டது, விருந்துக்கு இலை போடுகிறார்கள். அந்த வேளையிலே மணமகனின் சிற்றப்பா, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, அதிலே மின்னிய கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டு சென்று பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு, பந்தியிலே அமர்ந்திருந்தோர் அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன சம்பந்தி, டூப்ளிகேட்டைக் கட்டிவிட்டீர்களே!"

மணமகளின் தந்தை ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். நின்ற இடத்திலேயே கூனிப்போனார். 'வேறொன்றும் வேண்டாம், கௌரவமாக ஒரு ரோலக்ஸ் போதும்' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தனர். ஓய்வுக்காலப் பணத்திலிருந்து மூன்று இலட்சம் ரூபாயை எடுத்தார், 'பழையதுதான், ஆனால் அசல்' என்று வணிகன் ஒருவன் செய்த சத்தியத்தை நம்பினார், வாங்கினார். ஏமாற்றப்பட்டவர் அவர். ஆனால், ஏமாற்றியவர் போலக் கைகட்டி நின்றவரும் அவரே! மணமகன் கடிகாரத்தைக் கழற்றினார், மேசைமீது வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் படித்தவர், பட்டதாரி, நம்மோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்துபவர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி நம்மை உறுத்தியது: அந்த மண்டபத்திலே போலி எது?

ஆராயாமல் போற்றுவதும் பிழை. ஆராயாமல் தூற்றுவதும் பிழை. ஆகவே முதலில் கடிகாரத்தைத் திறந்து பார்ப்போம். பிறகு அதை அணிபவரின் மனத்தைத் திறந்து பார்ப்போம்.

சிற்றப்பா எதைக் கண்டு 'போலி' என்று தீர்ப்பளித்தார்? நொடி முள்ளைக் கண்டு. அது நொடிக்கு ஒரு முறை தாவித் தாவிச் சென்றது. இன்றைய ரோலக்ஸ் கடிகாரங்களில் மின்கலம் இல்லை. சுருட்டி வைத்த வில் விரியும் விசையிலே சின்னஞ்சிறு சக்கரம் ஒன்று இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அது மணிக்கு 28,800 முறை, அதாவது நொடிக்கு 8 முறை துடிக்கிறது. அதனால் முள் தாவுவதில்லை. வழுக்கிச் செல்வது போலத் தோன்றுகிறது. தாவும் முள்ளைக் கண்டதும் ஐயம் கொள்வது அறிவுடைமைதான். ஆனால் ஐயம் வேறு, தீர்ப்பு வேறு! அதே ரோலக்ஸ் நிறுவனம் 1977-இல் மின்கலத்தால் இயங்கும் கடிகாரத்தையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் முள் தாவும். ஆயினும் அது அசல். வில்லால் இயங்கும் போலிகளும் சந்தையில் உண்டு. அவற்றின் முள் வழுக்கும். ஆயினும் அவை போலி!

வேறு அடையாளங்களும் சொல்லுவர். தேதி காட்டும் சாளரத்தின்மேல் உள்ள குமிழ்க் கண்ணாடி, அசலில் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பர். மூடியிருக்கும் கண்ணாடி கீறல் விழாத நீலக்கல் வகையாக இருக்க வேண்டும் என்பர். ஆறு மணிக் குறியருகே, கண்ணாடிக்குள்ளேயே, எளிதில் கண்ணுக்குத் தெரியாத மணிமுடிச் சின்னம் இருக்க வேண்டும் என்பர். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுவர். எல்லாம் நல்ல தேர்வுகளே. மட்டமான போலியை இவை காட்டிக் கொடுக்கும். ஆனால், அசலைச் செய்பவன் இன்று ஓர் அடையாளம் வைத்தால், நகலைச் செய்பவன் நாளை அதைக் கற்றுக்கொள்கிறான். இறுதியில் நம்பத்தக்க வழி ஒன்றுதான்: பயிற்சி பெற்ற கடிகாரத் தொழிலாளி பின்மூடியைத் திறக்க வேண்டும், உள்ளிருக்கும் உறுப்புகளைப் பார்க்க வேண்டும், எண்களைத் தயாரித்தவரின் ஏட்டோடு ஒப்பிட வேண்டும்.

இந்தப் போட்டி இன்று நேற்றுத் தோன்றியதன்று. பாரிசு நகரிலே தொழில் நடத்திய ஆபிரகாம் லூயி பிரெகே என்ற சுவிஸ் நாட்டுக் கைவினைஞர், தம் பெயரைப் பொறித்துப் போலிகளை விற்றோரின் தொல்லை தாங்காமல், 1795 அளவில் ஒரு வழி கண்டார். கடிகார முகப்பிலே, சாய்ந்த ஒளியில் மட்டும் புலப்படும் நுண்ணிய கையொப்பத்தைக் கீறி வைத்தார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பெயர் உள்ள இடத்திலெல்லாம் பெயர்த் திருட்டும் இருந்தே வந்திருக்கிறது.

ஏட்டோடு ஒப்பிட்டால் போதுமா? அதையும் கேளுங்கள். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில், 1957-ஆம் ஆண்டின் 'ஓமேகா ஸ்பீட்மாஸ்டர்' கடிகாரம் ஒன்று 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் விலைபோனது. வாங்கியது யார்? ஓமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக! 2023-இல் அந்த நிறுவனம் என்ன அறிவித்தது? அந்தக் கடிகாரம் வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைக் கொண்டு கோக்கப்பட்ட ஒட்டு என்றும், தன்னிடம் முன்பு பணியாற்றியவர்களுக்கே அதில் பங்கு உண்டு என்றும் அறிவித்தது. உறுப்புகளில் பெரும்பாலானவை அசல். முழுக் கடிகாரமோ பொய்! பெற்றவளையே ஏமாற்றிய பிள்ளையை, பேருந்து நடத்துநர் எப்படி இனம் காண்பார்? அவரைப் பார்த்து நகைத்த மண்டபத்துக்கு இது தெரியுமா?

போகட்டும். அசலே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது அந்த விலை பெறுமா?

கடிகாரத்தின் வேலை மணி காட்டுவது. அந்த வேலையிலே அசலின் நிலை என்ன? சுவிஸ் நாட்டின் அதிகாரபூர்வத் தேர்வகம், வில்லால் இயங்கும் கடிகாரத்தை 15 நாள் சோதிக்கிறது. நாள் ஒன்றுக்குச் சராசரியாக 4 நொடி பின்தங்கலுக்கும் 6 நொடி முந்தலுக்கும் உட்பட்டு நின்றால் நற்சான்று அளிக்கிறது. மிக நுட்பமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்கலக் கடிகாரத்தின் உள்ளே, படிகக்கல் துண்டு ஒன்று நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது மாதம் முழுவதற்கும் ஏறத்தாழ 15 நொடிதான் பிசகும்! இலட்சங்களைக் கொட்டியவர் நாட்கணக்கிலே பிழை பார்க்கிறார். நூறுகளைக் கொடுத்தவர் மாதக்கணக்கிலே பார்க்கிறார்.

இந்தப் புரட்சி 1969 டிசம்பர் 25-ஆம் நாள் டோக்கியோவில் பிறந்தது. சீக்கோ நிறுவனம் முதல் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்த நாள் அது. அன்று அதன் விலை 4,50,000 யென். பின்னர் விலை சரிந்தது. படிகக் கடிகாரம் பாமரர் கைக்கும் வந்தது. சுவிஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலில் 1970 அளவில் இருந்த ஏறத்தாழ 90,000 வேலைகள், 1980-களின் நடுவிலே 30,000 அளவுக்குக் குறைந்தன. ஆலைகள் மூடின, குடும்பங்கள் கலங்கின. பிழைத்து நின்ற நிறுவனங்கள் பாடம் ஒன்றைக் கற்றன. மணி காட்டும் கருவியாக இனி இதை விற்க முடியாது. மதிப்புக் காட்டும் சின்னமாக விற்கலாம்! கடிகாரத்தின் தேவை குறையக் குறைய, அதன் பெருமை ஏறியது.

அப்படியானால் அசலிலே உண்மையான பெறுமதி ஏதுமே இல்லையா? உண்டு. உழைப்பு! ஜூரா மலைப்பகுதியிலே லா ஷோ த ஃபோன் என்றோர் ஊர். ஊரே கடிகாரத் தொழிலால் எழுந்தது. 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' நூலிலே, அந்த ஊர் முழுவதையும் ஒரே கடிகாரப் பட்டறையாகக் கருதலாம் என்ற கருத்தைக் காரல் மார்க்சு எழுதி வைத்தார். வில் செய்பவர், முள் செய்பவர், கல் பதிப்பவர், முகப்புத் தீட்டுபவர் எனப் பலர் கைமாறி உருவாகும் பொருள் கடிகாரம் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இன்றும் உயர்ந்த கடிகாரங்களில், வாங்குபவர் ஒருநாளும் காணப்போகாத உட்தகட்டின் விளிம்பைக்கூடக் கையாலேயே சாய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். அந்த விரல்களை வணங்கலாம். வணக்கம் என்ற சொல்லை நாம் எளிதிலே செலவிடுவதில்லை. ஆயினும் இங்கே செலவிடலாம்.

ஆனால் விலை முழுவதும் அந்த விரல்களுக்கா? 2017-இல் நியூயார்க் ஏலத்தில், ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த 'ரோலக்ஸ் டேடோனா' 1 கோடியே 77 இலட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. தங்கமா? அல்ல, எஃகு! அதே வகைக் கடிகாரங்களைச் செய்த தொழிலாளியின் உழைப்பு ஒன்றே. இந்தக் கடிகாரத்துக்கு மட்டும் அந்த விலை ஏன்? ஒருவர் கைபட்டதால்! மகான் போட்டுக் கழற்றிய செருப்பைக் கண்ணிலே ஒற்றிக்கொள்வோரைக் கண்டு நாம் நகைக்கிறோம். நடிகர் கட்டிக் கழற்றிய கடிகாரத்துக்கு மட்டும் நம் நகைப்பு நின்றுவிடுமா? கோயிலை விட்டுக் கடைக்கு இடம் மாறினாலும், பக்தி பக்திதான்.

இங்கே இளைஞர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்: "அப்படியானால் போலியே மேல் அல்லவா? பணக்காரன் இலட்சம் கொடுத்துப் பெறும் பகட்டை, ஏழை ஆயிரம் கொடுத்துப் பெறுகிறான். இதுவும் ஒருவகைச் சமத்துவம்தானே?" கூர்மையான கேள்வி. ஆனால் விடை, அல்ல என்பதே. பூசையை எதிர்ப்பவன் போலிப் பூசை செய்வதில்லை! மணிக்கட்டைப் பார்த்து மனிதனை எடைபோடும் தராசை உடைப்பது சமத்துவம். அதே தராசிலே கள்ள எடைக்கல் வைப்பது எப்படிச் சமத்துவமாகும்? போலியை அணிந்தவன் தராசை ஒப்புக்கொள்கிறான். அதற்கு அஞ்சவும் செய்கிறான். யாராவது உற்றுப் பார்த்தால் கையை மறைக்கிறான். பிறர் உழைப்பின் பெயரைத் திருடிய பொருள், அணிபவனின் நிம்மதியையும் திருடிக்கொள்கிறது.

ஆகவே தோழர்களே, கடிகாரத்துக்குச் சோதனை இருப்பது போல, அணிபவருக்கும் ஒரு சோதனை உண்டு. யாரும் காணாத அறையிலே, தனிமையிலே, அந்தக் கடிகாரம் உங்களுக்கு அதே மகிழ்ச்சியைத் தருமா? தரும் என்றால் நீங்கள் தொழில்திறனை நேசிப்பவர். கடன் படாமல், கடமை தவறாமல், உங்கள் பணத்திலே வாங்குங்கள். நல்ல நூலை வைத்திருப்பது போல வைத்திருங்கள். ஊரார் கண் பட்டால்தான் மகிழ்ச்சி என்றால், நீங்கள் வாங்குவது கடிகாரமன்று, ஊராரின் பார்வையை. அது வாடகைக்குத்தான் கிடைக்கும், சொந்தமாகாது!

பிறருக்கு உபதேசம் செய்து முடித்துவிட்டோம். இனி நம் கணக்கைச் சொல்ல வேண்டும்.

நம் கையிலே இருப்பது தந்தை அணிந்த எச்.எம்.டி. 'ஜனதா'. சப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அரசுக் கடிகாரத் தொழிற்சாலையின் பிள்ளை. காலைதோறும் சாவி கொடுக்க வேண்டும்; நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்கும். அன்று மண்டபத்திலே, சிற்றப்பாவின் பார்வை வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் பட்டு நம் பக்கம் திரும்பியபோது, நாம் என்ன செய்தோம் தெரியுமா? சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டோம்! அசலை அணிந்திருந்தும் போலியை அணிந்தவன் போல அஞ்சினோம். அதைவிடக் கொடுமை, நடத்துநர் கூனி நின்றபோது வாய் திறவாமல் இருந்தோம். மேடையிலே வரதட்சணையை மணிக்கணக்கிலே கண்டிக்கும் நாம், பந்தியிலே ஒரு நிமிடம் கண்டிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை தொடங்கிய அதே 1961-ஆம் ஆண்டில்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் பிறந்தது. நட்டம் மிகுந்து, 2016-இல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட முடிவெடுத்தார்கள். வரதட்சணைத் தொழில் மட்டும் நட்டமின்றி நடக்கிறது!

மறுவாரம் பள்ளியிலே நண்பரைச் சந்தித்தோம். "அந்தக் கடிகாரம் அசலாக இருந்திருந்தால், நீங்கள் அசலாகிவிட்டிருப்பீர்களா?" என்று கேட்டோம். அவர் விடை சொல்லவில்லை. மூன்று இலட்சத்தை மாமனாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்றோம். "யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கட்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். பந்தியிலே கேட்க வேண்டியதை ஒரு வாரம் கழித்துக் கேட்டோம் என்ற குறை நம்முடையது. அதை மறைக்க மாட்டோம்.

அந்த மண்டபத்திலே போலி எது என்று கேட்டோம். கடிகாரம் போலிதான், அதை அது தானே சொல்லிக்கொள்ளவில்லை, வணிகன் சொல்ல வைத்தான். கேட்டு வாங்கிய கௌரவம் போலி. படித்துப் பெற்ற பட்டம் அன்று போலி. பேச வேண்டிய இடத்திலே பேசாத நம் பகுத்தறிவும் அன்று போலி. அசலாக நின்றவர் ஒருவரே: மகள் நன்றாக வாழ வேண்டும் என்று, உழைத்த காசை எண்ணிக் கொடுத்த அந்த நடத்துநர்!

இப்போதெல்லாம் நாம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் வகுப்புக்குச் செல்கிறோம். கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்குகிறது. பரவாயில்லை, நாம் பின்தங்காமல் இருந்தால் போதும்.