மூச்சிலும் ஏற்றத்தாழ்வு

தீ, ஏழையென்றும் பணக்காரன் என்றும் பார்ப்பதில்லை என்பார்கள். கேட்கும்போது இயற்கையிடமாவது சமதர்மம் இருக்கிறதே என்று ஆறுதல் தோன்றும். ஆனால் இதில் உண்மை பாதிதான். தீ பாகுபாடு பார்ப்பதில்லை, சரி. தீக்கு முன்னால் யார் எங்கே நிற்கிறார் என்பதையும் தீயா முடிவு செய்கிறது?

கலிபோர்னியாவில் செல்வத்துக்குக் குறைவில்லை. தூய குடிநீர் ஒவ்வொரு மனிதனுக்கும் உரிமை என்று 2012-ல் அங்கே சட்டமே செய்தார்கள். அதே காலத்தில் தொடங்கிய வறட்சி 2016 வரை வாட்டியது. 2014-ல் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் வற்றிவிட்டன. அங்கே பண்ணைக் கூலிகள் மிகுதி. பெரிய பண்ணைகள் இன்னும் ஆழமாகத் துளையிட்டு நீரை எடுத்தன. இவர்களோ குளிக்கவும் கைகழுவவும் வாளித் தண்ணீரை எண்ணிச் செலவழித்தார்கள். வானம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் பொய்த்தது. கிணற்றின் ஆழம் மட்டும் அவரவர் கைப்பணத்தைப் பொறுத்திருந்தது.

அம்மாநிலத்தில் பாரடைஸ் என்று ஓர் ஊர். சொர்க்கம் என்று பொருள். 2018 நவம்பர் 8-ஆம் தேதி மூண்ட காட்டுத்தீ அந்தச் சொர்க்கத்தைச் சாம்பலாக்கியது. மாண்டவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்த முதியோர். விரைந்து ஓடக் கால்களும், ஏற்றிச் செல்லத் துணையும் இல்லாதவர்களைத்தான் நெருப்பு எளிதாக எட்டியது.

நெருப்பு நின்ற இடத்தோடு புகை நிற்பதில்லை. அதிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை இறங்கி இரத்தத்திலும் கலக்கும். வசதியுள்ளவன் சன்னலைச் சாத்திக்கொள்கிறான். தோட்டத்தில் பழம் பறிக்கிறவன் எந்தச் சன்னலைச் சாத்துவான்?

2019-ல் அங்கே ஒரு விதி வந்தது. புகையின் அளவுக்குறியீடு 151-ஐ எட்டினால் வெளியில் உழைப்பவருக்கு முதலாளி முகக்கவசம் கொடுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் வேலையை நிறுத்தினால் அன்றையக் கூலி போய்விடும் என்பவனுக்கு, கவசம் மட்டும் போதுமா? அவன் முகத்தை மூடலாம். அடுப்பை மூட முடியுமா?

தண்ணீர் லாரி அனுப்பினார்களே, கவசம் கொடுத்தார்களே என்று கேட்கலாம். அவை கருணை, கருணையைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் கருணையைப் பெறுகிறவன் நன்றி சொல்லியாக வேண்டும். உரிமையைப் பெறுகிறவன் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. நீருக்கும் காற்றுக்கும் ஒரு மனிதனை நன்றி சொல்ல வைக்கிற சமூகம், எவ்வளவு வாரிக் கொடுத்தாலும், அவனுக்கு இன்னும் கடன்பட்டே இருக்கிறது.